கைகட்டு நேரம்

குழந்தைகளை அழவைக்க அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. பஸ்ஸில் யாராவது பேச்சுக்கொடுக்கும்போது இதைச் சொன்னால் மெதுவாக எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள். போகட்டும், எனக்கு ஜன்னலோரம் கிடைக்கிறது.

பெயர் ஜெபக்கனி. தூத்துக்குடியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எங்கள் வார்டின் பலகையில் ‘இளஞ்சிறார் தொடர்புத்திறன் மீட்புப் பிரிவு’ என்று எழுதியிருக்கிறது. அதை முழுசாகப் படித்து முடித்த ஒருத்தரை நான் இன்னும் பார்க்கவில்லை. பால் மறக்கடிக்கிற மாதிரி இங்கே ஒட்டு மறக்கடிக்கிறோம். அதனால் ஊர் முழுக்க இதற்கு மறக்கடிப்பு வார்டு என்றுதான் பெயர்.

ஒட்டு என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறந்த பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற, சுண்டுவிரல் நகம் அளவுச் சமாச்சாரம். பிள்ளையின் மூளைக்குள் ஓடுவதைப் படித்து அம்மாவின் போனுக்குச் சொல்லிவிடும். பசி என்று சொல்லும். தூக்கம், வயிறு உப்புசம், துணி நனைந்துவிட்டது, எல்லாம் சொல்லும். பிள்ளை வாயைத் திறக்குமுன் பால் வந்துவிடும். இப்போது கல்யாண வீட்டில் பிள்ளை அழுவதில்லை. பஸ்ஸில் அழுவதில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை அழுகிறதே என்று எட்டிப்பார்க்க வருகிற ஆட்களும் இல்லை. எங்களிடம் புதிதாகச் சேருகிற நர்ஸ் பெண்களுக்குப் பசி அழுகைக்கும் வலி அழுகைக்கும் வித்தியாசம் தெரியாது. பாவம், அவர்கள் எங்கே அழுகையைக் கேட்டார்கள்?

ஆனால் ஒட்டுக்கு ஆயுசு கம்மி. இரண்டு வயது தாண்டினால் பிள்ளையின் மனசுக்குள் ஆயிரம் வந்துவிடும், ஒட்டு குழம்பிப்போகும். எடுத்துவிட வேண்டியதுதான். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுத் தானாகக் கேட்கப் பழகிக்கொள்ளும். சிலது பழகாது. அதுகள்தான் எங்களிடம் வரும்.

எங்கள் வைத்தியம் ரொம்ப எளிது. அதற்குப் பெயர் கைகட்டு நேரம். பிள்ளைக்குப் பிடித்ததை, அது தண்ணீரோ பழமோ பந்தோ, கண்ணுக்குத் தெரிகிற ஆனால் கைக்கு எட்டாத இடத்தில் வைப்போம். அப்புறம் அறையில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். அம்மா, டாக்டர், நான், கூட்டிப் பெருக்குகிற அக்கா, யாருக்கும் விலக்குக் கிடையாது. பிள்ளை கேட்கிறவரை ஒருத்தரும் எழக்கூடாது. எப்படிக் கேட்டாலும் சரி. அழலாம், கத்தலாம், விரலை நீட்டலாம், சேலையைப் பிடித்து இழுக்கலாம். கேட்டவுடன் கைக்கு வந்துவிடும். கேட்காவிட்டால் பட்டினி போட்டுவிடுவோம் என்று நினைக்காதீர்கள். நான் நாக்கையும் உதட்டையும் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன், வறளுவதற்கு முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அப்படிக் கொடுக்கிற நாளில் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

செந்தூரன் வந்தது ஒரு திங்கட்கிழமை. இரண்டரை வயது. எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றும் கனகச்சிதம். காது நன்றாகக் கேட்கிறது. ஓடுகிறான், படி ஏறுகிறான், கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறான். ஒரு சத்தம் இல்லை. எதையும் காட்டி விரல் நீட்டியதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து எதையும் கேட்டதில்லை.

அவனுடைய அம்மா சண்முகவடிவு. ஒல்லியான பெண், எப்போதும் பாதி எழுந்த மாதிரியே உட்கார்ந்திருப்பாள். அவளுடைய புருஷன் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஆள். சின்னப் பிள்ளைகளைப் பரிசோதிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அம்மா மடியைவிட்டு இறக்கக்கூடாது. முதலில் பொம்மையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்காட்ட வேண்டும், அப்புறம்தான் பிள்ளைக்கு. காதும் வாயும் கடைசி, ஏனென்றால் அங்கேதான் ரகளை ஆரம்பிக்கும். இந்த வயதுப் பிள்ளையின் வாய்க்குள் குச்சியை விட்டால் அது என் கையைக் கடிக்க வேண்டும். என் விரல்களில் இருக்கிற தழும்புகள் எல்லாம் அப்படி வந்தவைதான். செந்தூரன் வாயை ஆவென்று திறந்து, நான் முடிக்கிறவரை அப்படியே வைத்திருந்தான்.

“நல்ல பிள்ள சிஸ்டர். ஒரு தொந்தரவும் தர மாட்டான்” என்றாள் வடிவு பெருமையாக.

“அதுக்குத்தான் தாயி இங்க சேத்திருக்கு” என்றேன்.

டாக்டர் ஃபர்சானா அவளுக்கு விஷயத்தைச் சொன்னார். எங்கள் டாக்டர் அதிகம் பேசமாட்டார், பேசினால் தரையில் பிள்ளைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டுத்தான் பேசுவார்.

“வடிவு, வர்ற சனிக்கிழமை சுகாதாரத் துறையிலருந்து ஒரு குழு வரும். அதுக்குள்ள அவன் எதையாவது கேக்கணும், ஒரே ஒரு தடவை கேட்டாலும் போதும். கேக்கலேன்னா உள்ளொட்டு வைக்கச் சொல்லி எழுதிருவாங்க.”

“உள்ளொட்டுன்னா?”

“மண்டையோட்டுக்கு அடியில வைக்கிறது. வச்சா வச்சதுதான். மூளை அதைச் சுத்தி வளந்துரும், பின்னால எடுக்க முடியாது. அவன் முப்பது வயசு ஆம்பிளையா ஆனாலும் அவனுக்கு என்ன வேணும்னு ஒரு போன்தான் சொல்லிக்கிட்டு இருக்கும்.”

இதைக் கேட்டு அழாத தாயை நான் பார்த்ததில்லை. வடிவு கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பம் அதையே வச்சிருங்க டாக்டரம்மா, எதுக்கு சனிக்கிழமை வரைக்கும்?” என்றாள்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். டாக்டர் என் காலைக் கிள்ளினார்.

கைகட்டு நேரம் செவ்வாயன்று தொடங்கியது. அலமாரியின் மேல்தட்டில் அவனுடைய நீல டம்ளரில் தண்ணீர். நாங்கள் கைகட்டி உட்கார்ந்தோம். அவன் கட்டைகளோடு விளையாடினான். டம்ளரைத் திரும்பிப் பார்க்கவில்லை. விசாரித்தால், சற்று முன்னால்தான் அம்மா தண்ணீர் கொடுத்திருக்கிறாள். சரி என்று மத்தியானம் வாழைப்பழம் வைத்தோம். அதற்குள் அவன் சாப்பிட்டு முடித்திருந்தான். மறுநாளும் இதே கூத்து. எப்போது வைத்தாலும், எதை வைத்தாலும், அவனுக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்திருக்கும். பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் தொண்டை கிழிய அலறிக்கொண்டிருந்தார்கள், அம்மாக்கள் ஒருத்திக்கொருத்தி கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் புத்தர் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சில தாய்மார் பழைய ஒட்டைக் கழற்றாமல் முடிக்குள் மறைத்து ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. செந்தூரன் தூங்கும்போது அவன் தலையை முழுக்கத் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவளுடைய பையைக் கவிழ்த்தேன். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“ஏட்டி, எங்கதான் ஒளிச்சு வச்சிருக்க? சொல்லிரு” என்று வார்டே கேட்கிற மாதிரி கத்தினேன்.

வேறு ஒருத்தியாக இருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். வடிவு கோபப்படவில்லை. பிள்ளை விழித்துக்கொண்டிருந்தான். அவனுடைய காலைக் காட்டினாள்.

“வலது கால் பெருவிரலப் பாருங்க சிஸ்டர். மடக்கி மடக்கி நிமித்துதான்லா? தாகம். செத்த நேரத்துல எடது காத ரெண்டு தடவ தடவுவான். அது தூக்கம் இன்னும் தெளியலன்னு. கீழ் உதட்ட உள்ள இழுத்தான்னா பசி. மூச்சு சின்னச் சின்னதா வந்தா ஒண்ணுக்கு வருதுன்னு அர்த்தம்.”

சொல்லி முடிக்கவில்லை, பிள்ளை இடது காதைத் தடவினான். ஒரு தடவை. இன்னொரு தடவை.

“ஒட்டு இருக்கும்போதும் நான் போன பாத்தது கம்மி சிஸ்டர். பிள்ளயத்தான் பாப்பேன். போன் சொல்லுததுக்கு முன்னயே எனக்குத் தெரிஞ்சிரும்.”

காதுக்குப் பின்னால் இருந்ததை ஒரு பஞ்சும் எண்ணெயும் வைத்து எடுத்துவிட்டோம். இந்த ஒட்டை என்ன செய்வது?

“மன்னிச்சுக்கோ தாயி” என்றேன். “பரவால்ல சிஸ்டர்” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. “ஆனா நீ இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சிக்கிட்டிருந்தா அவன் எப்பம்தான் கேப்பான்? மத்த பிள்ளைங்க அழுது கேக்கல? அழுதா ஒண்ணும் ஆயிராது.”

வடிவு பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாள். வாயைத் துடைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“இவனுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா சிஸ்டர். அப்பம் எங்க பக்கம் ஒட்டு வரல. ஒருநா காலைலருந்து அழுதா. பசின்னு பால் குடுத்தோம். வயித்து வலின்னு ஓமத்தண்ணி குடுத்தோம். கண்ணு பட்டிருக்கும்னு சுத்திப் போட்டோம். தோள்ல போட்டுக்கிட்டு தெரு முழுக்க நடந்தேன். அழுதுக்கிட்டே இருந்தா. சாயந்தரம் நின்னுட்டு. அப்பாடா, சரியாயிட்டுன்னு நெனச்சு எல்லாரும் உக்காந்து காப்பி குடிச்சோம்.”

நான் நர்ஸ். மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். நேரத்தோடு கொண்டுவந்தால் சரிபண்ணிவிடலாம். அழுகை ஓய்ந்து பிள்ளை துவண்டுபோவது குணமானதால் அல்ல.

“அவ சொன்னா சிஸ்டர். நாள் பூரா சொன்னா. ஒருத்தருக்கும் புரியல. இவன் சொல்லவே வேண்டாம், எனக்குப் புரியுது. இதுல எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.”

துணி மாற்றுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நர்ஸ் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், “நீங்களே பேசிக்கிடுங்க, எனக்குத் தெம்பில்ல” என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் வந்து தரையில் உட்கார்ந்தார். செந்தூரன் அவருடைய செருப்பின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வடிவு, சிஸ்டர் சொன்னாங்க. உன் மக சொன்னது யாருக்கும் புரியாமப் போச்சு. அதுக்கு எங்கிட்ட ஆறுதல் கிடையாது. ஆனா ஒண்ணு கேக்கேன். இவன் விரல உன்னத் தவிர யாருக்குப் படிக்கத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“பள்ளிக்கூடத்துல வயிறு வலிச்சா பெருவிரல மடக்குவான். டீச்சர் அவன் கால் ஷூவுக்குள்ளயா பாத்துக்கிட்டு இருப்பாங்க?”

“அதுக்குத்தான் உள்ளொட்டு வைங்கன்னு சொல்லுதேன் டாக்டரம்மா.”

“வைக்கலாம். வலிக்குதுன்னு அது சொல்லிரும். சொல்லணும்னு அவனுக்குத் தோணவே தோணாது.” டாக்டர் அவன் பக்கம் கண்ணைக் காட்டினார். “ஒரு வருசத்துக்குள்ள பிள்ளைங்க என்ன கத்துக்குதுங்கன்னு நெனைக்க? குப்புற விழுறது, உக்காருறது, நடக்குறது, எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கோம். அதுக்கெல்லாம் அடியில ஒண்ணு இருக்கு. நான் ஒரு ஆளு, எனக்கு வெளிய இன்னொரு ஆளு இருக்கு, நான் கூப்பிட்டா அது திரும்பிப் பாக்கும். இதைப் பிள்ளை கத்துக்கிடுறது அழுதுதான். இவனுக்கு நீ தனி ஆளுன்னே தெரியாதும்மா. தன் கை, தன் காலு மாதிரி நீயும் ஒண்ணுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். உன்ன அவன் இன்னும் பாக்கவே இல்ல.”

கடைசி வார்த்தை அவளை எங்கேயோ அடித்துவிட்டது. நெடுநேரம் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பு வாரிலேயே குறியாக இருந்தான்.

“நான் எங்க போயி இருக்கட்டும்?” என்று கேட்டாள்.

கேன்டீனுக்கு எதிரே சிமெண்டு பெஞ்சு இருக்கிறது, அங்கே போய் உட்கார், நான் கூப்பிடும்வரை வராதே என்றேன். போனாள். வாசல்வரை போய்த் திரும்பி, “மொகத்துக்கு நேரா சூடா எதையும் வச்சிராதிய, பயந்துருவான்” என்றாள். இன்னொரு தடவை திரும்பி, “மீன் குழம்பு வாடை பிடிக்காது” என்றாள். நான் கையைக் காட்டினேன். போய்விட்டாள்.

டம்ளரை அலமாரியில் வைத்தோம். டாக்டரும் நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

செந்தூரன் கதவைப் பார்த்தான். அழவில்லை. கட்டைகளை எடுத்தான், அடுக்கவில்லை. மறுபடியும் கதவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய வலது கால் பெருவிரல் மடங்கியது. நிமிர்ந்தது. மடங்கியது.

ஐயோ, அந்த விரலை நான் பார்க்காமல் இருந்திருக்கக்கூடாதா? எனக்கும் இப்போது படிக்கத் தெரிந்துவிட்டது! என் கை தானாகக் கிளம்பியது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டேன். எத்தனையோ பிள்ளைகளை அலறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அலறுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிடலாம். அலறாத பிள்ளையின் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அழுடா மக்கா, ஒரு தடவை அழுதுரு, என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

விரல் மடங்கிக்கொண்டே இருந்தது. அவன் டம்ளரைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். ஏன் வரவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை. முகம் மெதுவாகச் சுருங்கியது. அழப்போகிறான் என்று நான் முன்னால் சாய்ந்தேன். அழுகை வரவில்லை. வரும் வழி தெரியாமல் எங்கேயோ நின்றுவிட்டது. பக்கத்தில் போய் அவன் நாக்கைப் பார்த்தேன். ஈரம் இருந்தது, ஆனால் உதடு காயத் தொடங்கியிருந்தது. டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். கொடுத்துவிடலாம். நாளைக்குக் குழு வரும். முடிந்தது கதை.

டம்ளரை நான் எடுத்த அதே சமயம் கதவு திறந்தது. வடிவு. பெஞ்சில் உட்கார முடியாமல் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள், அவன் முன்னால் உட்கார்ந்தாள், வாயருகே கொண்டுபோனாள்.

செந்தூரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் டம்ளரை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். அவன் இந்தப் பக்கம் திருப்பினான். அவளுக்கு அது விளங்கவே இல்லை, மறுபடியும் நீட்டினாள். அவன் உள்ளங்கையை டம்ளரில் வைத்துத் தள்ளினான்.

“ம்ஹூம்!”

வார்டில் அலறிக்கொண்டிருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. கரகரவென்று, பழக்கமில்லாத தொண்டையிலிருந்து வந்த சத்தம். அவன் அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் அப்படி ஒரு கோபம். விட்டுவிட்டுப் போனாயே என்ற கோபமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். யார் கண்டது?

“தாகம் சிஸ்டர்! சத்தியமா அவனுக்குத் தாகம். விரலப் பாருங்க” என்றாள் வடிவு.

விரல் மடங்கி நிமிர்ந்துகொண்டுதான் இருந்தது.

“தாகம்தான் தாயி. இருந்தும் வேண்டாங்கான்.”

“எதுக்கு? எதுக்கு வேண்டாங்கான்? எனக்குத் தெரியலயே!” என்று சொல்லிவிட்டு உடைந்து அழ ஆரம்பித்தாள். இரண்டரை வருஷத்தில் அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாத முதல் விஷயம் இதுதான். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார். “பசிக்கு ஒட்டுல வார்த்தை இருக்கு வடிவு. தாகத்துக்கு இருக்கு, வலிக்கு இருக்கு. வேண்டாங்கிறதுக்குக் கிடையாது. அதைப் பிள்ளைதான் சொல்லணும். சொல்லிட்டான், அதுவும் கேட்ட கணக்குதான். நான் குழுவுக்குப் போன் போட்டு நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லுதேன்.”

“அப்பம் உள்ளொட்டு?”

“எதுக்கு? ‘ம்ஹூம்’ வந்துட்டுல்லா. மத்ததெல்லாம் பின்னாலயே வந்துரும். ஒரு வருசம் கழிச்சு எங்கிட்ட வந்து, இவன் வாயை மூட ஏதாவது மருந்து இருக்கா டாக்டரம்மான்னு கேக்கத்தான் போற.”

வடிவு சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டம்ளரை மறுபடி வாயருகே கொண்டுபோகவில்லை. தரையில், அவனுக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். கடைசியில் கண்ணைப் பார்த்தாள்.

“மக்கா” என்றாள். “உனக்கு என்ன வேணும்?”

பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி. அவள் வாயில் அது தட்டுத்தடுமாறி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இதை அவனிடம் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு ஒரு நாளும் வரவில்லை. பிள்ளை கேட்கமாட்டேன் என்கிறான் என்று நாங்கள் வாரம் முழுக்கக் கை கட்டிக் காத்திருந்தோம். அவனையும் யாரும் கேட்டதில்லை.

செந்தூரன் அவளுடைய வாயைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். குடிக்கப்போகிறான் என்று மூன்று பேரும் நினைத்தோம். அவன் அதைக் கவிழ்த்தான். தண்ணீர் தரையில் ஓடி என் செருப்புவரை வந்தது. அது ஓடுகிற வழியை அவன் குனிந்து கவனித்தான். உள்ளங்கையால் தண்ணீரில் ஓங்கி அறைந்தான். எங்கள் எல்லார் மேலும் தெறித்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான், பார்த்தாயா என்கிற மாதிரி.

வடிவு ஈர முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

“இது எனக்குத் தெரியாது சிஸ்டர்” என்றாள்.

நான் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.